வாயில்லாத் தாழி

அறுபத்தெட்டுச் சில்லுகளில் ஒன்றுகூட வாய் விளிம்பின் சில்லு அன்று என்பதை அவள் காலையிலேயே கவனித்தாள். கவனித்தும், அவை அகழ்வுக் குழியில் எங்கோ தங்கியிருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உடைந்த மண்கலங்களை ஒட்டுவது அவள் தொழில். இதுவோ மூவாயிரம் ஆண்டுப் பழைய ஈமத்தாழி. அவள் உயரத்துக்கும் ஒரு சாண் மிகுதி. அத்தகைய தாழியை ஒட்டுகையில், பசை இறுகும்வரை ஒருவர் உள்ளே நின்று சுவரைத் தாங்கவேண்டும். குள்ளமான அவளுக்கே எப்போதும் அந்த இடம்.

ஒட்டுமுன் சில்லுகளைப் பசையின்றி மணலில் அடுக்கிப் பார்க்கவேண்டும் என்பது இத்தொழிலின் முதல் விதி. அன்று அவள் அதைச் செய்யவில்லை. மாலையில் செய்தியாளர்கள் வருகிறார்கள். அதற்குள் தாழி எழுந்து நின்றால் அவள் வேலை நிரந்தரம் என்று அகழ்வாய்வுத் தலைவர் சொல்லியிருந்தார். ஒன்பது ஆண்டுகளாகத் தற்காலிகச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவளுக்கு விதி ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

"ஏம்மா, உள்ள காத்து வருதா? இல்ல, இப்பவே மூடிப் புதைச்சிடட்டுமா?" வெளியே முக்காலிமேல் நின்று சில்லுகளை நீட்டிக்கொண்டிருந்த வரைபடக்காரர் கேட்டார்.

"மொதல்ல ஆர்டர் கைக்கு வரட்டும்ணே. அப்புறம் எங்க வேணாலும் புதைங்க."

"அது வர்றதுக்குள்ள நீயே பழம்பொருளாயிடுவ."

"நக்கலுக்கு ஒண்ணும் கொறச்சலில்ல. போய் அந்த நூலேணிய எடுத்துட்டு வாங்க. கால் மரத்துப்போச்சு."

அவர் செருப்போசை முற்றத்தில் இறங்கித் தேய்ந்தது. தலைக்கு மேல் தோள் நுழையுமளவு திறப்பு. அதில் நடுப்பகலின் வெண்மை. மேசைமேல் ஒட்டாத சில்லுகள் ஏழு. பசையின் புளித்த நெடி, அதனடியில் நெடுங்காலம் காற்றே படாத மண்ணின் குளிர்ந்த வாடை, மின்விசிறி சுழலச் சுழல உட்சுவரில் வந்துபோகும் நிழல் எல்லாவற்றுக்கும் நடுவே அவள் குனிந்து, இடுப்பளவில் ஓர் இணைப்பைக் காகித நாடாவால் இழுத்துக் கட்டினாள்.

டொக்.

நிமிர்ந்தாள். திறப்பு சற்றே சிறுத்திருந்தது.

"அண்ணே, அவசரப்படாதீங்க. நான் வெளிய வரணும்ல."

டொக். இன்னொரு சில்லு, விரல் தெரியாமல், தன் இடத்தில் சரியாகப் பொருந்தியது.

"வெளையாட்டுக்கும் ஒரு அளவிருக்கு, சொல்லிட்டேன்."

"இதோ வர்றேம்மா!"

குரல் முற்றத்தின் மறுகோடியிலிருந்து வந்தது. நூலேணியின் மரப்படிகள் தரையில் தட்டும் ஓசையும் அங்கிருந்துதான்.

அவள் இரு கைகளாலும் மேலே தள்ளினாள். அந்தப் பசை இறுக நான்கு மணி நேரமாகும். தொட்டாலே சில்லு கழன்றுவிழ வேண்டும். கழலவில்லை. டொக். முழங்கை நுழையவில்லை. டொக். மணிக்கட்டு நுழைந்தது. வெளிக்காற்று விரல்களில் பட்டது. கையை இழுத்துக்கொண்டாள். டொக். டொக்.

ஒரு விரலகல வெளிச்சம்.

டொக்.

இருள்.

அலறினாள். மிக அருகில், சுவருக்கு அப்பால், வரைபடக்காரரின் குரல்: "அடேங்கப்பா! சொன்ன மாதிரியே முடிச்சிட்டாளே! எங்க போயிட்டா அதுக்குள்ள?"

"அண்ணே! உள்ள இருக்கேன்! அண்ணே!"

"தலைவர் பாத்தா துள்ளிக் குதிப்பாரு." செருப்போசை விலகியது.

சுவரை அறைந்தாள். ஓசை எழவில்லை. உள்ளங்கை மெல்ல அமிழ்ந்தது. இணைப்புகளைத் தேடினாள். நாடா இல்லை. பசை இல்லை. இணைப்பே இல்லை. வழவழவென்று, ஒரே பரப்பாய், ஈரமண்.

இன்னும் சுடப்படாத மண்.

வெளியே மின்விசிறியின் இரைச்சல் நின்றிருந்தது. அதற்குப் பதிலாக விறகு அடுக்கும் ஓசை. பல கைகள். யாருக்கும் அவசரமில்லை. பிறகு புகை.

அவள் பாதங்களுக்கு அடியில் மண் மெல்லக் காயத் தொடங்கியது.