வெள்ளிக்கிழமை எடுத்த மட்டங்கள்

மூதூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த சுஹைரா, கனகரத்தினத்தின் ஓர்ஸ் ஹில் வீட்டுக் கதிரையில் அமர்ந்ததும் ஒரு வரைபடத்தை நீட்டினார். மகாவலி கடலில் கலக்கும் சதுப்பைப் புதிதாக அளந்து வரைந்த படம். சுற்றியிருந்த வயல்களெல்லாம் மேட்டில் இருக்க, அவருடைய இரண்டு ஏக்கர் மட்டும் நீர் நிற்கும் சதுப்பாகக் கிடந்தது. ஐந்து நாளைக்குள் மறுத்து எழுதிக் கொடுக்காவிட்டால் அது சதுப்பு நிலமாகவே பதியப்படும், அங்கே இனி விதைக்க ஏலாது. பக்கத்து வயல்காரர் யாரையோ பிடித்துச் செய்த வேலை என்றார்.

ஓய்வுபெற்ற நில அளவையாளர் கனகரத்தினத்துக்கு முழங்கால் நோ. ஊர்ச் சிக்கலெல்லாம் தன் தலையில்தான் வந்து விடிகிறது என்ற அலுப்பு வேறு. ஆனால், முன்பு அவரிடம் வேலை பழகி இப்போது அளவைக் கந்தோரில் இருக்கும் பிரசாந்தினிக்கு அலுப்பே கிடையாது. மாலைக்குள், அளந்தவர்கள் இடத்திலேயே அளவுகளை எழுதிய களப்புத்தகத்தின் பிரதியோடு வந்து நின்றாள். அளவுகோல் சேற்றில் புதைந்து நிலத்தின் உயர மட்டம் தாழ்ந்திருக்கும் என்று அடித்துச் சொன்னாள்.

கனகரத்தினம் அதிலிருந்த பெயர்களையும் திகதியையும் பார்த்தார். பிறகு சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தார்.

"அளந்த நஸ்ரியும் கோல் பிடிச்ச றுமைஸும் எந்த ஊர்?"

"கிண்ணியா, சேர்."

"இது வெள்ளிக்கிழமை. சுஹைராட வயலுக்குப் பன்னிரண்டிலயிருந்து ஒண்டரை மட்டும் பத்து நிமிசத்துக்கு ஒரு அளவு எழுதியிருக்கு. ஜும்ஆத் தொழுகைக்குப் போகாம ரெண்டு பேரும் சேத்துக்குள்ளயோ நிண்டவை? இது மேசையில இருந்து எழுதினது, பிள்ளை."

மறுநாள் அழைத்துக் கேட்டபோது நஸ்ரி மறுக்கவில்லை. பத்து நாள் வேலைக்கு மூன்று நாள்தான் கொடுத்தார்கள், ஆற்றைக் கடந்து அந்த வயலுக்குப் போக, முதலைக்குப் பயந்து தோணிக்காரரும் வரவில்லை என்றான். கண்கள் குழி விழுந்திருந்தன. பக்கத்து வயல்காரருக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

"அப்ப மட்டங்களை எங்கயிருந்து எடுத்தனீர்?"

"எண்பத்தேழாம் ஆண்டுப் படத்திலயிருந்து. கீழ உங்கட கையெழுத்து இருந்தது, சேர். அது பிழைக்காது எண்டு நம்பினனான்."

பிரசாந்தினி அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த ஆண்டு சண்டையில் ஆற்றுக்கு அப்பால், சுஹைராவின் வயல் பக்கம், அளக்க யாரும் போகவில்லை. கனகரத்தினமும் போகவில்லை. படம் முடியவேண்டும் என்பதற்காக மனதில் பட்டதை எழுதி ஒப்பமிட்டிருந்தார். இத்தனை ஆண்டுகளில் ஒரு நாளும் அதை நினைத்ததில்லை. இப்போது வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

அன்று பின்னேரமே மூதூருக்குப் போய்ச் சுஹைராவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"உங்கட வயலைத் தண்ணிக்குள்ள தாட்டது நான்தான், தங்கச்சி. நாளைக்கு நானே வந்து அளக்கிறன்."

சுஹைரா கோபப்படவில்லை. கனகரத்தினத்தின் முழங்கால்களைப் பார்த்தார்.

"தோணி நான் பிடிச்சுத் தாறன். இந்த முறை இறங்கி நடப்பீங்கதானே?"