குளிர் விட்ட வளையம்

திசைகாட்டியின் முள் இன்னும் வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. நிற்கக்கூடாது.

நிலவறை ஆய்வுக்கூடத்தின் மேஜைமேல் தெர்மாக்கோல் கிண்ணம், அதற்குள் விரல் பருமனில் ஒரு கறுப்பு வளையம், பக்கத்தில் அந்தச் சின்னத் திசைகாட்டி. வளையம் ஒரு மீக்கடத்தி. பாடப்புத்தக விதி எதற்கும் மசியாத ரகம். திரவ நைட்ரஜனில் முக்கி ஒரு தடவை மின்சாரத்தைச் சுழலவிட்டால், பேட்டரியும் கம்பியும் இல்லாமல் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், முள்ளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு. குளிர் விட்டால் கதை முடிந்தது. ஓட்டம் செத்துவிடும், முள் வடக்கே திரும்பிவிடும். கிண்ணமோ விடுமுறையில் கவனிப்பாரில்லாமல் வறண்டு கிடந்தது.

"எப்பவோ காஞ்சிருச்சு சார்," என்றார் மெக்கானிக். "முள்ளு மட்டும் திரும்ப மாட்டேங்குது. தட்டிக்கூடப் பாத்துட்டேன்."

பேராசிரியர் கிண்ணத்தின்மேல் குனிந்து பார்த்தார். குளிரே வேண்டாத மீக்கடத்தி! உலகமே தலைகீழாக நின்று தேடுகிற பொருள் அவர் மேஜைமேல் கிடக்கிறது. மத்தியானம் ஆய்வைப் பார்வையிட வரப்போகிற நிபுணர் குழு இதைப் பார்த்தால் போதும், வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த பெயர் கைக்கு வந்துவிடும். வேறு எவன் கண்ணும் படுவதற்குள் அளந்துவிட வேண்டும்.

"நீங்க மேல இருங்க. அவங்க வந்தா மட்டும் வந்து சொல்லுங்க," என்று மெக்கானிக்கை அனுப்பிவிட்டுக் கதவை உள்ளே தாழிட்டார்.

அந்த வளையத்தைச் செய்த ஆராய்ச்சி மாணவியைக் கூடத்தில் எல்லோரும் வளையக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தக் கலவை அவள் கைக்கு மட்டுமே படிந்தது. கட்டுரையில் என் பெயர் எங்கே சார் என்று அவள் நேருக்கு நேர் கேட்ட அன்று, "உனக்குக் குளிர் விட்டுப்போச்சு" என்றார் இவர். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள், ஏனென்றால் அந்த வார்த்தைக்கு இங்கே இன்னொரு வேலையும் உண்டு. வெளியே நிற்பவர் கதவைத் தொடுமுன் "குளிர் விட்டாச்சா?" என்று குரல் கொடுக்க வேண்டும். "விடல" என்று பதில் வந்தால் உள்ளே சோதனை நடக்கிறது என்று அர்த்தம். யாரும் திறக்க மாட்டார்கள்.

அந்த வாரமே நைட்ரஜன் குழாய் கசிந்தது. மூச்சுக்காற்று குறைந்தால் கத்துகிற அலாரம் அளவீட்டைக் கெடுக்கிறதென்று அதன் பேட்டரியை இவர் கழற்றியிருந்தார். உள்ளே தனியாக வேலை பார்த்தவளிடம் சொல்லவில்லை. தொப்பென்று ஏதோ விழுந்த சத்தம் கேட்டு மெக்கானிக் ஓடிவந்தபோது, வாசலில் நின்ற இவர்தான் தடுத்தார்: "குளிர் விடல. திறக்காதீங்க." சத்தம் இவர் காதிலும் விழுந்திருந்தது. பேட்டரியை அவளேதான் கழற்றினாள் என்று அவள் சாவு பற்றிய விசாரணையில் கூசாமல் சொன்னார். மெக்கானிக் வாயே திறக்கவில்லை. அவள் கடைசியாகச் சுழலவிட்ட ஓட்டத்தைத்தான் இவர் இத்தனை காலமும் நைட்ரஜன் ஊற்றி ஊற்றிக் காப்பாற்றி வந்தார்.

இப்போது வளையத்தைத் தொட்டார். இளஞ்சூடாக இருந்தது, கையிலிருந்து அப்போதுதான் கழற்றிய வளையல்போல. சட்டென்று விரலை இழுத்துக்கொண்டார்.

முள் அசைந்தது.

மெதுவாக, வளையத்தை விட்டு விலகி, மேஜை விளிம்பைத் தாண்டி, அவர் மார்புக்கு நேராக வந்து நின்றது. இடப்பக்கம் நகர்ந்தார். முள்ளும் நகர்ந்தது. மேஜையைச் சுற்றி மறுபக்கம் போய்ப் பார்த்தார். கூடவே சுற்றி வந்தது. பம்ப் அறையின் உறுமலும் மேலே நாற்காலிகள் இழுபடும் ஓசையும் ஒவ்வொன்றாக அடங்கிப்போக, சுவரோரக் குழாயிலிருந்து வரும் மெல்லிய சீறல் மட்டும் மிஞ்சியது. தரையில் வெள்ளைப் புகை அவர் செருப்பைத் தடவிக்கொண்டு போனது.

அலாரம் ஏன் கத்தவில்லை?

நிமிர்ந்தார். அலாரத்தின் பேட்டரி மூடி திறந்து கிடந்தது. உள்ளே காலி. சட்டைப் பையில் ஏதோ கனத்தது. சின்னதாக. சதுரமாக. ஐஸாக. அன்று சாக்கடையில் வீசிய அதே பேட்டரி.

நைட்ரஜன் மூச்சை முட்டவைக்காது. இருமவைக்காது. சொல்லாமல் கொள்ளாமல் ஆளைச் சாய்த்துவிடும். அது அவருக்குத் தெரியும். கதவுக்கு ஓடினார். ஓடியதாக நினைத்தார். முழங்கால் மடங்கியது. தாழ்ப்பாள் உயரத்தில் இருந்தது. விரல் எட்டியது. பிடிக்கவில்லை.

படியில் காலடி. கதவில் தட்டல்.

"சார், குழு வந்தாச்சு. குளிர் விட்டாச்சா? திறக்கலாமா?"

வாயைத் திறந்தார். காற்றுகூட வரவில்லை.

"இன்னும் விடல அண்ணே," என்றது அவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "திறக்காதீங்க."

கதவில் தட்டல் நின்றது. இத்தனை காலம் கழித்துக் கேட்டாலும் மெக்கானிக்குக்கு அந்தக் குரல் தெரியாமல் போகுமா?

"சரிம்மா," என்றார்.

காலடி படியேறிப் போனது. நிதானமாக.

பேராசிரியரின் பிடரியில் இளஞ்சூடான மூச்சு பட்டது.

"எனக்குத்தான் சார் விட்டுப்போச்சு."

மேஜைமேல் முள் மெல்லத் துடித்தது. அவரைப் பார்த்தபடியே நின்றது.