யாருக்கு இந்த மெட்டு?

மரக்காணம் உப்பளத்தோரம் தனியாக நின்ற அந்த வீட்டுக்கு, தேவாவின் இரண்டாவது மனைவியாக அம்சவல்லி வந்து இறங்கியபோது உச்சி வெயில். பாத்திகளில் குவிந்த உப்பு கண்ணைக் கூச வைத்தது. தேவா அங்கே மேஸ்திரி. முதல் மனைவி சங்கீதா உப்புத்தண்ணீர்க் கிணற்றில் தவறி விழுந்து செத்தாள் என்று சொல்லித்தான் பெண் கேட்டிருந்தார்கள்.

கூடத்தில் ஒரு டிவி, பழைய சேலை போட்டு மூடிக் கிடந்தது.

"அவ போனதுலேர்ந்து போடறதே இல்லம்மா," என்றாள் மாமியார் கொளஞ்சியம்மாள். "சீரியல் பைத்தியம். டைட்டில் பாட்டு வந்தா அடுப்ப அப்படியே வுட்டுட்டு ஓடியாருவா. ஆளு வர்றதுக்கு முன்னாடி ஒரு மியூசிக் போடுவான் பாரு, அது மாதிரி வீட்ல எல்லாருக்கும் ஒண்ணு வெச்சிருந்தா. வாயாலயே முனகுவா."

"உங்களுக்கு என்ன மியூசிக் அத்தே?"

"கேட்டா சிரிப்பா. சொல்லவே மாட்டா."

அம்சவல்லியும் சீரியல் பார்த்தே வளர்ந்தவள்தான். வருகிறவள் நல்லவளா கெட்டவளா என்று, அடுப்படியில் இருந்தபடியே மெட்டை வைத்துச் சொல்லிவிடுவாள். அப்படிக் கேட்டுக் கேட்டு, மாமியார் என்றாலே வில்லிதான் என்று மனசில் ஊறிப்போயிருந்தது. அவளை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோஜனம்!

மறுநாள் காலை மாமியார் காபி கொண்டுவந்தாள். டிவியை மூடிய சேலைக்குப் பின்னாலிருந்து ஏதோ கேட்டது.

ம்ம்... ம்ம்ம்... ம்ம்.

தொண்டை அடைத்த பெண் குரல். கூடவே ஈர உப்பின் வாடை.

தேவா தலையைத் துவட்டியபடி, சிரித்துக்கொண்டே மாமியாருக்குப் பின்னால் வந்து நின்றான். அவன் காதில் எதுவும் விழுந்த மாதிரி தெரியவில்லை. அம்சவல்லி யாரும் பார்க்காத நேரம் காபியை ஜன்னல் வழியே கொட்டினாள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தேவாவுக்கும் அவளுக்கும் மாமியார் பரிமாறும்போது அந்த மெட்டு. தண்ணீர் நீட்டும்போது அந்த மெட்டு. கிழவிதான் சங்கீதாவைத் தள்ளிவிட்டிருக்கிறாள், அடுத்தது நான்தான் என்று முடிவே கட்டிவிட்டாள்.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. தேவா உப்பளத்தில் இருந்தான். மாமியார் மட்டும் மீன் கழுவிய சட்டியோடு உள்ளே வந்தாள். அம்சவல்லி சுவரோடு ஒட்டி நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

மெட்டு வந்தது.

இது வேறு மெட்டு. பிள்ளையைத் தூங்கவைக்கிற தாலாட்டு மாதிரி அத்தனை இதமாக இருந்தது.

கிழவியின் கையிலிருந்து சட்டி நழுவி உடைந்தது. "ஐயோ... எங்கண்ணு சங்கீதா," என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தாலாட்டு சட்டென்று நின்றது.

ம்ம்... ம்ம்ம்... ம்ம்.

அதற்கப்புறம்தான் வாசலில் பைக் சத்தம் கேட்டது.

"வல்லி, கெளம்பு!" தேவா வெளியிலிருந்தே கூப்பிட்டான். "உப்பளத்த சுத்திப் பாக்கணும்னியே. கிணத்தாண்ட வரைக்கும் போய்ட்டு வரலாம்."

இந்த மெட்டு கேட்டபோதெல்லாம் மாமியாரோடு அவனும்தானே இருந்தான். அம்சவல்லி வாசலைப் பார்த்தபடியே பின்வாங்கினாள்.

கிழவி அவள் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்தாள். "ஓடிடும்மா. அவளையும் இப்படிச் சிரிச்சிக்கிட்டேதான் கூட்டிட்டுப் போனான். பெத்த பாசத்துல வாய மூடிக்கிட்டேன், பாவி நான்."

அம்சவல்லி செருப்புக்கூடப் போடவில்லை. வரப்பு வழியே ஓடி, ரோட்டைப் பிடித்து, பாண்டி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பெரிய முதலியார்சாவடியில் அம்மா வீடு. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். அந்த நல்ல மனுஷியைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அழுகை முட்டியது.

அனுமந்தையில் பஸ் நின்றது.

பக்கத்து சீட்டுப் பெண் திரும்பினாள். "இன்னாம்மா, ஏதோ பாட்டு முனகற?"

அம்சவல்லி வாயைத் தொட்டுப் பார்த்தாள். உதடு மூடித்தான் இருந்தது. நாக்கு உப்புக் கரித்தது. குரல் அவள் தொண்டைக்குள்ளிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

ம்ம்... ம்ம்ம்... ம்ம்.

பின்படியில் யாரோ ஏறினார்கள்.