கோப், வா வீட்டுக்கு

மூன்றாவது பாலத்தில் வண்டி ஏறியபோது உள்ளே யாரோ இருமினார்கள்.

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த தம்பி தோங் இருமவில்லை. புன்மாவின் பக்கத்தில் வெள்ளைத் துணிக்குள் கிடந்த மகள் இருமியிருக்க முடியாது. அவள் மூச்சு மத்தியானமே அடங்கிவிட்டது. வெளியே தாய்லாந்தின் சொங்க்லா ஏரிமேல் அந்தி மழை. கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரின் கிறீச்சுச் சத்தம், ஈரத் துணி வாடை, அதற்கு நடுவே எங்கிருந்தோ ஆறிப்போன சுருட்டு நாற்றம்.

"சுருட்டு குடிச்சியாடா?"

"நான் என்னிக்குக்கா குடிச்சேன்? நீ பாலத்தைச் சொல்லு. சொல்லலன்னா புள்ள அங்கேயே நின்னுரும்."

சொல்லத்தான் வேண்டும். ஆஸ்பத்திரியில் பிரிந்த உயிருக்கு வீட்டு வழி தெரியாது. பாலத்துக்குப் பாலம், திருப்பத்துக்குத் திருப்பம் சொல்லித்தான் கூட்டிவர வேண்டும்.

"கோப், பாலம் தாண்டுறோம்டி. அம்மா கூடவே வா, கண்ணு."

கோப் என்றால் தவளை. கொட்டுகிற மழையில் பிறந்தவளுக்கு வைத்த செல்லப்பெயர். தீவிர சிகிச்சைப் பிரிவில் தொண்டைக்குள் குழாய் போட்டிருந்ததால் அவளால் பேச முடியவில்லை. பயம் வந்தால் மோதிரம் போட்ட விரலால் கட்டில் கம்பியைத் தட்டுவாள். டக், டக். திரையில் நாடித்துடிப்பு எகிறும், மணி அலறும், நர்ஸ் சிரின் ஓடிவருவாள். புன்மா கையைப் பிடித்துக்கொண்டால்தான் எல்லாம் அடங்கும். "உன்னை விட்டுட்டுப் போவேனாடி?" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள்!

உயிரை அழைக்க ஊதுபத்தி கொளுத்தப் போனவளைச் சிரின்தான் தடுத்தாள். "ஆக்ஸிஜன் ஓடுதும்மா, இங்க நெருப்பே ஆகாது. வாயால கூப்பிடுங்க. முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

அழுகிற வாயில் முழுப் பேர் எங்கே வரும்? "கோப், வா வீட்டுக்கு" என்றுதான் வந்தது.

மறுபடியும் இருமல். நெஞ்சைப் பிய்க்கும் கிழட்டு இருமல்.

அதை அவள் கேட்டிருக்கிறாள். பக்கத்துக் கட்டில். இன்று காலையில் செத்துப்போன, கடைசிவரை சுருட்டு நாற்றம் போகாத மீனவக் கிழவர். அவரைப் பார்க்க ஒரு ஈ காக்கைகூட வந்ததில்லை. மருந்து கொடுக்கும்போது சிரின் மட்டும் கிண்டலாகக் கூப்பிடுவாள்.

"வாயத் திற, கோப் தாத்தா."

கோப்.

போன் அடித்தது. சிரின்.

"அம்மா... உங்க பொண்ணு கட்டில் காலியாத்தான் இருக்கு. ஆனா கம்பியத் தட்டுற சத்தம் நிக்கவே மாட்டேங்குதும்மா."

புன்மாவுக்கும் கேட்டது. டக், டக். டக், டக், டக்.

ஐயோ, என் பிள்ளை!

வண்டியைத் திருப்பு என்று கத்த வாயெடுத்தாள். துணிக்குள்ளிருந்து மகளின் கை நீண்டு அவள் மணிக்கட்டைப் பற்றியது. மெல்லிய விரல்கள். அதே மோதிரம். பிடி மட்டும், ஆயுள் முழுக்க வலை இழுத்தவனின் பிடி.

"திரும்பிப் போயிராத தாயி," என்றது துணிக்குள்ளிருந்து கிழட்டுக் குரல். "என்னை இதுவரைக்கும் யாருமே வீட்டுக்குக் கூப்பிட்டதில்ல."

போனில் மகள் தட்டிக்கொண்டே இருந்தாள்.