ஐஸ் தொட்டியில் ஏழாம் நம்பர்!

"ஐயோ!"

அலறியது கோச். ஆறடி மூன்றங்குல உயரம், தொண்ணூற்றைந்து கிலோ எடை... அந்த உடம்புக்குள் இப்படி ஒரு கீச்சுக்குரல் இருப்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

பக்கத்து அறையில் ஒருவனுக்கு முட்டியில் டேப் சுற்றிக்கொண்டிருந்த பிசியோ, அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். அணியில் அத்தனை பேருக்கும் அவள் அக்கா. கேப்டனுக்கு மட்டும் நிஜமாகவே கூடப் பிறந்த அக்கா.

அந்தக் கேப்டன்தான் ஐஸ் தொட்டிக்குள் கிடந்தான்!

தலை ஒரு பக்கம் சாய்ந்து... வாய் பிளந்து... தண்ணீர் மோவாயைத் தொட்டுக்கொண்டு...

"பாத்துட்டே நிக்கிறீங்களே கோச், தூக்குங்க!"

இருவருமாகத் தூக்கித் தரையில் கிடத்தினார்கள். அக்கா அவன் கழுத்தில் விரல் வைத்தாள். துடிப்பு இருந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மணி மூன்று. நாலு மணிக்கு ஃபைனல்.

பன்னிரண்டு நாடுகள் மோதும் செவன்ஸ் ரக்பி. பக்கத்துக்கு ஏழே பேர், பாதிக்கு ஏழே நிமிடம், ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டம். நடுவில் கிடைக்கும் நேரத்தில் வீரர்கள் ஐஸ் தண்ணீரில் உட்கார்ந்து உடம்பு வலியைத் தணித்துக்கொள்வார்கள். உட்காருவார்கள்... தூங்க மாட்டார்கள்!

டாக்டர் வந்து இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"தூக்க மாத்திரை வேலை மாதிரி தெரியுது. மூச்சு சீரா இருக்கு, பயப்படாதீங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன்."

அவருக்குப் பின்னாலேயே வந்தார் செக்யூரிட்டி அதிகாரி. போலீஸ் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர். சந்தேகப்படுவதிலிருந்து இன்னும் ரிட்டயர் ஆகவில்லை.

தொட்டியோரம் கிடந்த ஃப்ளாஸ்க்கைக் கைக்குட்டையால் எடுத்தார். அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"இது யாரோடது?"

"என்னோடது சார். டீ வெச்சிருந்தேன்" என்றாள் அக்கா.

"தூக்க மாத்திரை யார்கிட்ட இருக்கு?"

"எ... என் பையில. ஊர் ஊரா பறக்கிறதுல எனக்குத் தூக்கமே வராது..."

பையைத் திறந்தவள் திடுக்கிட்டாள். அட்டையில் நாலு மாத்திரை காலி!

"நான் ஒண்ணுதான் சார் போட்டேன்!"

"உங்க ஃப்ளாஸ்க்... உங்க மாத்திரை... உங்க தம்பி. வெளியாளே வேணாம் போலிருக்கே மேடம்!"

"சார்! அவன் என் கூடப் பிறந்தவன்!"

"என் சர்வீஸ்ல பாதி கேஸ் கூடப் பிறந்தவங்கதாம்மா."

அக்காவுக்குக் கண் கலங்கியது. பிறகு கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் அவளுக்கு மூளை ஒழுங்காக வேலை செய்யும்.

"ஒரு நிமிஷம் சார். அது சர்க்கரை போடாத கறுப்பு டீ. என்னைத் தவிர இந்த டீமுல ஒருத்தனும் தொட மாட்டான். அப்படின்னா மாத்திரை போட்டவன் யாரைத் தூங்க வைக்கப் பாத்தான்?"

அதிகாரியின் புருவம் உயர்ந்தது. "உங்களை!"

"அதான்!"

"ஏன்? ஃபைனல்ல நீங்களா ஓடப் போறீங்க?"

"நான் ஓட மாட்டேன். ஆனா எவனும் ஓடக் கூடாதுன்னு சொல்ல என்னால முடியும். தலையில அடிபட்டவனை நான் கண்டுபிடிச்சு டாக்டர்கிட்ட சொன்னா, அவன் அன்னிக்கு கிரவுண்டுக்குள்ள கால் வைக்க முடியாது. கலங்கின மூளையில இன்னொரு அடி விழுந்தா ஆளே போயிடுவான் சார்."

கோச் பாய்ந்து வந்தார். "அப்போ எவனோ அடி வாங்கிட்டு மறைக்கிறானா?"

"செமிஃபைனல் வீடியோவைப் போடுங்க கோச்!"

லேப்டாப்பில் ஆட்டம் ஓடியது. கடைசி நிமிடம். அப்போது அக்கா கோட்டுக்கு வெளியே ஒருவனின் தோள்பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையின் ஓரத்தில் எதிரணிக்காரனின் முட்டி ஒரு தலையில் மோதியது. விழுந்தவன் இரண்டு விநாடி அசையவே இல்லை. பிறகு மெல்ல முட்டி போட்டு, குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தான். கட்டினான்... கட்டினான்... கட்டிக்கொண்டே இருந்தான்!

"லேஸ்தானே கட்டுறான்?" என்றார் அதிகாரி.

கோச்சின் முகம் வெளிறியது. "சார்... இந்த டீமுல லேஸே இல்லாத ஷூ போடறவன் ஒருத்தன்தான்!"

திரையில் அந்த முதுகு திரும்பியது.

ஏழாம் நம்பர்... கேப்டன்!

அக்கா லேப்டாப்பை மூடினாள். தரையில் கிடந்தவன் முனகினான். அவள் குனிந்து கன்னத்தைத் தட்டினாள்.

"டேய்! மாத்திரை போட்டது யாருடா?"

"நான்தான்க்கா..." நாக்கு குழறியது. "நீ எப்படியும் கண்டுபிடிச்சுடுவே... ஃபைனல் முடியற வரைக்கும் தூங்கட்டும்னு..."

"அப்புறம் ஏன்டா நீயே எடுத்துக் குடிச்சே?"

யோசித்தான். வெகுநேரம் யோசித்தான்.

"குளிருச்சு... டீ இருந்துச்சு..."

மாத்திரை போட்டதையே மறந்துவிட்டான்!

எந்த அடியை மறைக்க இத்தனையும் செய்தானோ, அந்த அடியே அவன் நினைவைக் குழப்பிவிட்டது. மறக்காமல் இருந்திருந்தால்? அவள் பெஞ்சில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பாள். அவன் கலங்கிய தலையோடு ஃபைனலில் முட்டி மோதிக்கொண்டிருப்பான். அவன் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள். அடுத்த நொடியே அதே தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கேப்டன் இல்லாத ஃபைனலில் இரண்டே பாயிண்ட்டில் கோப்பை கைநழுவியது.

மாலை ஆறு மணி. ஆஸ்பத்திரி. மூளையில் ரத்தக் கசிவு இல்லை, ஒரு மாதத்துக்குப் பந்தைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தம்பி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

செக்யூரிட்டி அதிகாரி நோட்டோடு வந்தார்.

"உங்க மேல சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுடுங்க மேடம். ஆனா மயக்க மருந்து கலக்கிறது சின்னக் குத்தம் இல்ல. ஒரு புகார் எழுதிக் குடுத்தீங்கன்னா ஸ்டேஷனுக்கு அனுப்பிடறேன்."

"அக்கா... வேணாம்க்கா!" என்று அலறினான் தம்பி.

அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அதிகாரியிடம் திரும்பினாள்.

"ஸ்டேஷன்லாம் வேணாம் சார். அங்கன்னா ஜாமீன் கிடைச்சிடும்... அடுத்த ஃப்ளைட்ல எங்கம்மா வர்றாங்க!"