எலுமிச்சை இல்லாத எலுமிச்சை கேக்

"என் எலுமிச்சம்பழம் எல்லாம் எங்கே?"

சின்னவள் போட்ட சத்தத்தில், பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் இயந்திரம் நின்றது.

"மெதுவாடி! சித்தி இப்பத்தான் கண் அசந்தா" என்றாள் அம்மா. இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

சின்னவள் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். வெங்காயச் சருகுதான் விழுந்தது. காலையில் அவளே கடைக்குப் போய்ப் பொறுக்கி எடுத்து வந்த பழங்கள்!

பின்பக்கம் விசில் சத்தம் கேட்டது. ஓடினாள். அண்ணன் தன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் காலடியில் பிழிந்து போட்ட எலுமிச்சை மூடிகள் சிதறிக் கிடந்தன.

"பாத்தியா, துரு எப்படிப் போச்சுன்னு!"

சின்னவளுக்கு உச்சந்தலைவரை சூடேறியது. "அது சித்திக்குக் கேக் செய்ய வச்சிருந்தது!"

சித்தி காய்ச்சலிலிருந்து எழுந்தும் சரியாகச் சாப்பிடுவதில்லை. ரொட்டி கொடுத்தால் வேண்டாம். சூப் கொடுத்தால் வேண்டாம். நாக்கு மரத்துப்போய்விட்டதாம். நேற்றுத்தான் முதல் தடவையாக வாய்திறந்து கேட்டாள்: "பல் கூசுற மாதிரி புளிப்பா எலுமிச்சை கேக் இருந்தா, ஒரு துண்டு சாப்பிடுவேன்." நான் செய்து தருகிறேன் என்று சின்னவள் சொல்லியிருந்தாள்.

"இப்பவே கடைக்குப் போ!"

"சரி, சரி. கத்தாதே, சிடுமூஞ்சி."

திரும்பி வந்தவன் பையைக் கொட்டினான். ஆரஞ்சுகள் உருண்டன.

"எலுமிச்சை தீந்துபோச்சாம். இதுவும் அதுக்குச் சொந்தக்காரன்தானே?"

"நீயும் எனக்குச் சொந்தக்காரன்தான். அதுக்காக நானும் நீயும் ஒண்ணா?"

கோபத்தில் அவள் ஒரு ஆரஞ்சை இறுக்கிப் பிடித்தாள். நகம் தோலில் இறங்கியது. சாறு சர்ரென்று முகத்தில் தெறித்தது. விரலை நக்கிப் பார்த்தாள்.

"சர்க்கரை மாதிரி இனிக்குது! சித்தி கேட்டது புளிப்பு. வெளியே போ!"

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகை வந்தது. அதை விழுங்கிவிட்டு விரலை முகர்ந்தாள். தோலில் என்ன ஒரு வாசனை!

துருவியை எடுத்தாள். ஆரஞ்சுத் தோலை அண்ணனின் தலையாக நினைத்துக்கொண்டு துருவினாள். வேலை வெகு வேகமாக முடிந்தது.

கதவு லேசாகத் திறந்தது. "உதவி வேணுமா?"

"நான் கோபமா இருக்கேன்."

"தெரியுது. அந்தக் கிண்ணத்துக்கே தெரியுது."

சிரிப்பு வரப் பார்த்தது. உதட்டைக் கடித்து அடக்கினாள். "உனக்குத்தான் பிழிய நல்லா வருமே. எல்லாத்தையும் பிழி!"

அண்ணன் மறுபேச்சில்லாமல் பிழிந்தான். அவள் சாற்றை அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சினாள். ஆறவைத்து ஒரு சொட்டு ருசித்தாள். புளிப்பு கொஞ்சம் ஏறியிருந்தது. ஆனால் இனிப்பும் கூடவே ஏறியிருந்தது.

'இதுவே இவ்வளவு இனிச்சா, மாவுக்கு இன்னும் எதுக்குச் சர்க்கரை?' அளந்து வைத்திருந்த சர்க்கரையில் பாதியை டப்பாவிலேயே திருப்பிக் கொட்டினாள்.

அதுவும் போதாது. குளிர்பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக முகர்ந்தாள். ஒரு கிண்ணத்தின் மூடியைத் தூக்கியதும் அவள் மூக்கு சுருங்கியது. புளித்த தயிர்!

"அதைத் தூக்கிப் போடணும்னு அம்மா சொன்னாங்க" என்றான் அண்ணன்.

"உன்னைத்தான் முதல்ல தூக்கிப் போடணும்."

பாலுக்குப் பதிலாகத் தயிரை ஊற்றினாள். சமையல் சோடாவைத் தூவியதும் அது பொங்கிக்கொண்டு வந்தது. மாவு, வெண்ணெய், முட்டை, சுண்டிய சாறு, துருவிய தோல் எல்லாம் சேர்த்துக் கலக்கினாள். கரண்டி நுனியைத் தொட்டு நாக்கில் வைத்தாள். ஒரு கண் தானாகவே மூடிக்கொண்டது.

"இதுதான்!"

வெந்த கேக்கை அம்மா வந்து வெளியே எடுத்துக் கொடுத்தாள். சின்னவள் ஒரு துண்டைச் சித்தியிடம் நீட்டினாள். சித்தி மெல்ல எழுந்து உட்கார்ந்து ஒரு வாய் கடித்தாள். மென்றாள். புருவம் சுருங்கியது.

"இது எலுமிச்சை இல்லையே."

சின்னவள் அண்ணனை முறைத்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"ஆனா நாக்குல சுருக்குனு ஏறுது" என்றாள் சித்தி. அடுத்த வாயும் போனது. தட்டு காலியானது. "இன்னொண்ணு இருக்கா?"

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, இன்னும் பெரிய துண்டாக வெட்டி வைத்தாள்.

"யாரோட யோசனை இது?" என்று சித்தி கேட்டாள்.

"எல்லாம் அவதான், சித்தி" என்றான் அண்ணன். "நான் எலுமிச்சையை எல்லாம் சைக்கிளுக்குத் தேச்சுட்டேன். கேக்காம எடுத்தது தப்புதான்."

சின்னவளின் கோபம் பாதி இறங்கியது. பாதிதான்.

அவன் தட்டை நோக்கிக் கை நீட்டினான். அவள் பட்டென்று ஒரு தட்டு தட்டினாள். "முதல்ல பாத்திரம் கழுவு. எல்லாத்தையும்!"

அவன் முனகிக்கொண்டே போனான். குழாய்ச் சத்தம் கேட்டதும், அவள் அவனுக்காக ஒரு துண்டை வெட்டி மூடிவைத்தாள்.

கொஞ்சம் கருகியிருந்த ஓரத்திலிருந்து.