ஏலம் போன கிட்டார்

ஸ்தோத்திரப் பண்டிகை அன்று அந்த ஆலயத்துக்குள் நுழைந்தால், சந்தையே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டதோ என்று தோன்றும். வாழைத்தார், பூசணிக்காய், கருப்பட்டி, கால் கட்டிய சேவல் என்று வீட்டுக்கு வீடு காணிக்கை வந்து குவிந்திருக்கும். ஆராதனை முடிந்ததும் அத்தனையையும் ஏலம் விடுவார்கள்.

ஜெமிமா அன்று ஒரு கிட்டாரோடு வந்திருந்தாள். அது இரவல் கிட்டார். பக்கத்து வீட்டு ஷம்ஸியா அக்காவுடையது. வாசிக்கக் கற்றுக்கொடுத்ததும் அந்த அக்காதான்.

ஏலத்துக்குப் பிறகு பிள்ளைகளின் நிகழ்ச்சி. ஆளுக்கொரு பொருளுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஜெமிமா கிட்டாருக்கு நன்றி சொல்லி, ஒரு பாட்டும் வாசிக்கப்போகிறாள்.

தண்ணீர் குடிக்கப் போனவள், கிட்டாரைப் பூசணிக்காய்களுக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டுப் போனாள். அங்கேதான் வினை வந்தது.

"கிட்டாரு! ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்! அப்பாத்துரை அண்ணாச்சிக்கு!"

ஏலம் விடும் எபனேசர் மாமாவின் குரல் கேட்டு ஜெமிமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடி வந்தாள்.

"மாமா! அது காணிக்கை இல்ல, இரவல்!"

"காணிக்கையோடதான இருந்துச்சு, ஏட்டி? பூசணிக்காயக்கூட யாருதுன்னு நான் கேக்கலியே!" என்று மாமா தலையைச் சொறிந்தார்.

வாழைக்காய் வியாபாரி அப்பாத்துரை அண்ணாச்சி அதற்குள் கிட்டாரைத் தன் பேத்தி டார்லினிடம் கொடுத்துவிட்டார். ஆறு வயது டார்லின், கிட்டத்தட்ட தன் உயரமே இருந்த கிட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

விஷயம் தெரிந்ததும் அண்ணாச்சி, "ஏட்டி, அக்காட்ட குடுத்துரு" என்றார்.

டார்லினின் உதடு பிதுங்கியது. கண் நிறைந்தது. ஜெமிமாவுக்கு மனசு கேட்கவில்லை.

"பிடுங்காதீங்க தாத்தா. அழ வைக்காம பைய வாங்கிக்கிடுதேன்."

ஏலம் முடிந்து, அந்த நேரம் பார்த்து மேடையில் ஜெமிமாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் டார்லினின் கையைப் பிடித்து, கிட்டாரோடு சேர்த்து மேடைக்குக் கூட்டிப்போனாள்.

"நான் கிட்டாருக்கு நன்றி சொல்லுதேன். அந்தச் சொல்லு எங்கெங்கயோ சுத்தி வந்திருக்குன்னு ஷம்ஸியா அக்கா சொன்னாங்க. கிரேக்கர்கள் ஒரு நரம்பு வாத்தியத்தை 'கிதாரா'ன்னாங்க. அது அரபுல 'கீதாரா' ஆச்சு. ஸ்பெயின்ல 'கித்தார்ரா' ஆச்சு. இங்கிலீஷ்காரங்க 'கிட்டார்'னாங்க. நாமளும் வாங்கிக்கிட்டோம்."

"அப்போ கிரேக்கர்ட்ட இப்ப இல்லியா?" என்று கேட்டாள் டார்லின். அவளுக்கு அந்தக் கவலை.

"இருக்கே! இன்னும் 'கிதாரா'ன்னுதான் சொல்லுதாங்க. ஒரு சொல்லை அடுத்தவங்களுக்குக் குடுத்தா குறையாது. குடுத்தவங்ககிட்டயும் இருக்கும், வாங்கினவங்ககிட்டயும் இருக்கும்."

டார்லின் கிட்டாரைப் பார்த்தாள். "இது?"

"இது அப்படி இல்ல. உன்ட்ட இருந்தா ஷம்ஸியா அக்காட்ட இருக்காது."

டார்லினின் முகம் வாடியது. ஜெமிமா அவள் முன்னால் மண்டியிட்டாள்.

"ஆனா வாசிக்கக் கத்துக்குடுத்தா? அக்கா எனக்குக் கத்துக்குடுத்தாங்க. அதுக்காக அவங்களுக்கு மறந்தா போச்சு? நான் உனக்குக் கத்துத் தாரேன்."

"இப்பவேயா?"

"இப்பவே."

டார்லின் கைகளைத் தளர்த்தினாள்.

ஜெமிமா இடது கையால் நரம்புகளை அழுத்த, டார்லின் பிஞ்சு விரலால் மீட்டினாள். தாளம் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. ஆனாலும் கூட்டம் முழுவதும் பொறுமையாகக் காத்திருந்து கூடவே பாடியது.

"நான் ஏலம் கேட்டது கேட்டதுதான், எபனேசரு. காசு ஆலயத்துக்கே இருக்கட்டும்" என்றார் அண்ணாச்சி. "எம் பேத்திக்கு ஒரு டீச்சரம்மால்லா கிடைச்சிருக்கு!"

ஷம்ஸியா அக்காவை நினைத்து ஜெமிமாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. சாயங்காலம் கிட்டாரைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது டார்லினையும் கூட்டிக்கொண்டாள். கதவு திறந்ததும் இருவரும் ஒரே குரலில், "ரொம்ப நன்றிக்கா!" என்றார்கள்.

நடந்ததைக் கேட்டு ஷம்ஸியா வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"நான் ஒருத்திக்குத்தான கத்துக்குடுத்தேன்! நன்றி ரெண்டு வந்திருக்கே!"